கொழா ரேடியோவும் மூணு லட்ச ரூபா ஸ்பீக்கரும்



இந்த வாரம் மிளகாயும் இல்லை, மழையும் இல்லை. பாட்டைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். பாட்டு மட்டும் இல்லை. அதைக் கேக்க வைக்கிற பெட்டி, கொழா, வயரு எல்லாத்தையும் சேர்த்துத்தான்.

என் அக்கா மகன் சென்னையில இருக்கான். நல்ல வேலை, நல்ல சம்பளம். வீட்டுல பாட்டு கேக்கிறதுக்குன்னே ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கான். ரெண்டு ஸ்பீக்கர், ஆளு மார் உசரம். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு சுத்துற மேடை ஒண்ணு. "எல்லாம் சேர்த்து மூணு லட்சம் மாமா"ன்னான். மானாவாரியில மிளகாய் போடுறவனுக்கு மூணு லட்சம்னா எத்தனை வருசத்து வெள்ளாமைன்னு உங்களுக்கே தெரியும். நான் ஒண்ணும் சொல்லலை. அவன் காசு, அவன் ஆசை.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அங்க இருந்த ரெண்டு நாள்ல அவன் ஒரு பாட்டைக் கூட முழுசாப் போடலை. "மாமா, இந்த இடத்துல தபேலா எங்க இருந்து வருது பாருங்க"ன்னு கொஞ்ச நேரம். "இதுல அந்த அம்மா மூச்சு வாங்குறது கேக்குதா?"ன்னு இன்னொண்ணு. அப்புறம் எழுந்து போய் ஸ்பீக்கரை ரெண்டு இஞ்சு நகட்டுவான். மறுபடியும் அதே துண்டு.

இந்த மாதிரி ஆளுகளுக்கு இங்கிலீஷ்ல ஆடியோஃபைல்னு பேராம். இவங்களுக்குப் பிரியம் பாட்டு மேலயா, பெட்டி மேலயாங்கிறது உலகம் பூரா நடக்கிற வழக்குன்னு அவனே சிரிச்சுக்கிட்டுச் சொன்னான். ஊருக்கு வர்ற வழியெல்லாம் அதையேதான் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க, இது பட்டணத்து வழக்கே இல்லை, நம்ம நரிக்குடிப் பக்கத்துல நாப்பது வருசத்துக்கு முந்தியே நடந்த வழக்குன்னு தோணுச்சு.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ரேடியோ செட்டு வச்சிருந்தார். பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்றேன்: ரேடியோ செட்டுன்னா ரேடியோ இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, கோயில் பொங்கல்னு எது நடந்தாலும் வாடகைக்கு வந்து பாட்டுப் போடுற மைக் செட்டுதான் எங்க பக்கம் ரேடியோ செட்டு. அந்தக் கூம்பு ஸ்பீக்கருக்குக் கொழான்னு பேரு. நீங்க எழுதும்போது கூம்பு வடிவ ஒலிபெருக்கின்னு எழுதுவீங்க.

அண்ணன் 1979ல தொழிலை ஆரம்பிச்சார். டெல்லி அகுஜா கம்பெனி ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு, ரெக்கார்டு சுத்துற பெட்டி ஒண்ணு, நாலு கொழா, ரெண்டு மைக்கு, தகரப்பெட்டி நிறைய ரெக்கார்டு. கரண்டு இல்லாத ஊர்னா பேட்டரி. நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பையன். லீவு நாள்ல வயர்க்கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவர் பின்னாடியே போவேன். சம்பளம் கிடையாது, பந்தியில சாப்பாடு உண்டு. மரத்துல ஏறிக் கொழாக் கட்டுறது என் வேலை.

பெட்டியை யாரையும் தொட விடமாட்டார். நானும் தொடக்கூடாது. வேட்டித் துணியில தொடைப்பார், அதுக்குன்னே தனித் துணி. ரெக்கார்டை விளிம்புல மட்டும்தான் பிடிப்பார், உள்ளங்கை படாது. ஒவ்வொரு தடவையும் ஊசியில ஒட்டுன தூசியை ஊதிட்டுத்தான் வைப்பார். கல்யாண வீட்டுக்காரர் "தம்பி, சாப்பிட வாங்க"ன்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் பெட்டியை விட்டு நகரமாட்டார். நான் இலையில சோறு வாங்கிட்டு வந்து குடுக்கணும்.

கொழாக் கட்டுறதுலயும் ஒரு கணக்கு வச்சிருந்தார். விசேஷ வீட்டைப் பார்த்து ஒண்ணுதான். மத்த மூணும் வெளியூரைப் பார்த்து. ஒண்ணு திருச்சுழி திசை, ஒண்ணு வீரசோழன் திசை, ஒண்ணு ரயில்ரோட்டுப் பக்கம். கேட்டா, "வீட்டுல இருக்கவனுக்குத்தான் கல்யாணம்னு தெரியுமேடா. தெரியாதவனுக்குச் சொல்லத்தான செட்டு"ம்பார்.

காத்தும் பார்ப்பார். ஆனி ஆடியில மேல்காத்து அடிக்கும்போது கிழக்க பார்த்த கொழாவுக்குச் சத்தம் கம்மியா வச்சாலே போதும், காத்தே கொண்டு போயிரும். மார்கழி விடியக்காலையில கேக்கவே வேண்டாம். மூணு மைல் தள்ளி இருக்கிற கோயில் பாட்டு நம்ம வாசல்ல பாடுற மாதிரி இருக்கும். அதுக்குக் காரணம் உண்டு. விடியக்காலம் தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கெடக்கும், மேல இருக்கிற காத்து கொஞ்சம் சூடு. மேல போற சத்தம் அப்படியே வளைஞ்சு தரைக்கே திரும்பும். மத்தியானம் இதுக்கு நேர் எதிர். தரை கொதிக்கும், சத்தம் மேல நோக்கி வளைஞ்சு வானத்துக்குப் போயிரும். அண்ணனுக்கு இந்த விளக்கம் எல்லாம் தெரியாது. ஆனா மத்தியானம் சத்தத்தைக் கூட்டணும், விடியக்காலம் குறைக்கணும்னு தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். வயரு அத்தனை தூரம் போனாலும் சத்தம் எப்படிக் குறையாம வருதுன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆம்ப்ளிஃபயர்ல இருந்து போறது 100 வோல்ட் லைன். கரண்டு ஆபீஸ்காரங்க ரொம்பத் தூரத்துக்குக் கரண்டு கொண்டு போக வோல்டேஜை ஏத்துறாங்கள்ல, அதே தந்திரம்தான். கொழாப் பக்கம் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் மறுபடி இறக்கிக் குடுக்கும்.

சரி, இவ்வளவு பார்த்த மனுசனுக்குப் பாட்டு மேல ஆசை இருந்துச்சா?

ஊர்ல எல்லாரும் என்ன சொல்வாங்கன்னா, "அவனுக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. பெட்டிதான் பொண்டாட்டி." எனக்கும் அப்ப அப்படித்தான் தெரிஞ்சது. அவர் பாட்டுக்குத் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. பாட்டு ஓடும்போது அவர் காது கரகரப்பு வருதா, கொழா அதிருதான்னுதான் பார்த்துக்கிட்டு இருக்கும்.

ஆனா பாட்டைப் போடுற வரிசை இருக்கே, அது அவருக்குத் தனி. முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டு. அப்புறம் முருகனுக்கு டி.எம்.எஸ். அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு. பொண்ணு அழைக்கும்போது 1961ல வந்த பாசமலர் படத்து எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டு. பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி ஏறும்போது சாரதா படத்துல வர்ற மருமக பாட்டு. பந்தி நடக்கும்போது வேகமான பாட்டு போடமாட்டார். "சோறு எறங்காதுடா." ராத்திரி எல்லாம் முடிஞ்சு பந்தலைப் பிரிக்கும்போது அவரா ஒண்ணு போடுவார். யாரும் கேக்கலைன்னாலும் போடுவார். 1962ல வந்த கொஞ்சும் சலங்கை படத்துல எஸ்.ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசிச்சாரே, அந்தப் பாட்டு.

காருகுறிச்சியார் பக்கத்து நாட்டுக்காரர். கோவில்பட்டியில குடியிருந்தவர். 1964லயே போயிட்டார். எங்க பக்கம் அவரை நேர்ல கேட்ட பெருசுக அப்ப நெறைய இருந்தாங்க. அந்தப் பாட்டைப் போட்டா திண்ணையில படுத்திருந்த கெழவன் எல்லாம் எழுந்து உக்காருவான்.

அண்ணன் அதை ஏன் போட்டார்னு இப்ப யோசிக்கிறேன். கொழாவுக்கு அடித்தொண்டைச் சத்தம் வராது. மேளத்தோட தொப்பி, கிதார்ல அந்தக் கனமான தந்தி இதெல்லாம் கொழாவுல செத்துப் போகும். நடுவுல இருக்கிற சத்தம்தான், அதாவது மனுசக் குரலும் நாதஸ்வரமும்தான், கணீர்னு வரும். அதனால நாதஸ்வரத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும் கொழா. அப்ப அவர் காருகுறிச்சியாரைக் கேக்க அந்த ரெக்கார்டைப் போட்டாரா, தன்னோட கொழா எப்படிக் கூவுதுன்னு காட்டப் போட்டாரா? அவரைக் கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்.

ஊர் ஜனமும் லேசுப்பட்டது இல்லை. "அருப்புக்கோட்டை செட்டு கணீர்னு இருக்கும்." "அவன் செட்டு ஓட்டைத் தகரம்." "இவன் செட்டுல டி.எம்.எஸ். மூக்கால பாடுறார்." கம்மாக்கரையில உக்காந்து இப்படித்தான் பேச்சு நடக்கும். என் மருமகன் ஸ்பீக்கரைப் பத்திப் பேசுற பேச்சுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அவன் பேசினா ஆடியோஃபைல், நாங்க பேசினா பட்டிக்காட்டான், அவ்வளவுதான்.

இதுக்கு எதிர்க்கதையும் ஒண்ணு உண்டு. பெட்டியைப் பத்திக் கவலையே இல்லாம பாட்டு கேட்ட காலம். எங்க பக்கம் இலங்கை வானொலி நல்லா எடுக்கும். நல்லான்னா, ஏறும் எறங்கும், நடுவுல கடல் அலை மாதிரி ஒரு இரைச்சல் வரும். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது இவங்க குரல் மறையும், திரும்ப வரும். வேப்ப மரத்துல டிரான்சிஸ்டரை மாட்டிட்டுக் களை எடுப்போம். பாட்டு பாதியில மறைஞ்சா, மறைஞ்ச பாதியைக் களை எடுக்கிற பொம்பளைகளே பாடி முடிச்சிருவாங்க. ரேடியோ திரும்பி வரும்போது இவங்க எந்த இடத்துல இருக்காங்களோ அதே இடத்துல அதுவும் இருக்கும். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அப்ப யாரும் சத்தம் சுத்தமா இல்லைன்னு குறை சொல்லலை. இப்பவும் போனைப் பித்தளைச் சொம்புக்குள்ள போட்டுப் பாட்டு கேக்கிற ஆளு எங்க தெருவுல உண்டு. சத்தம் கூடத்தான் செய்யுது.

இன்னும் பின்னாடி போனா மைக்கே கிடையாது. எங்க அப்பா காலத்துப் பெருசுக எஸ்.ஜி.கிட்டப்பா பேரைச் சொன்னாலே கையெடுத்துக் கும்பிடுவாங்க. கடைசி வரிசைக்கும் தொண்டையாலயே கேக்க வச்ச மனுசன். 1933ல சின்ன வயசுலயே போயிட்டார். அவர் தொண்டைதான் ஆம்ப்ளிஃபயர், தொண்டைதான் கொழா.

அப்படின்னா பெட்டி இல்லாத பாட்டுதான் உசத்தியா? அப்படியும் சொல்ல முடியலை. நாதஸ்வரக்காரரைப் பாருங்க. கச்சேரிக்கு முந்தி அவர் சீவாளியோட படுற பாடு இருக்கே. எச்சில் வச்சு ஊறப்போட்டு, ஊதிப் பார்த்து, சரியில்லைன்னு கழட்டி, வேற ஒண்ணு மாட்டி. நாதஸ்வரத்துலயே ஒரு கொத்துச் சீவாளி தொங்கும். அந்தச் சீவாளி திருவாவடுதுறைப் பக்கம் செய்யணும், நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடையணும்னு ஒரு கணக்கு. இவருக்குச் சீவாளி மேல ஆசையா, சங்கீதத்து மேல ஆசையான்னு யாராவது கேட்டிருக்கோமா? கேக்கமாட்டோம். ஏன்னா சீவாளி சரியானதும் அவர் வாசிக்க ஆரம்பிச்சிருவார்.

எங்க தொழில்லயும் இதே கதைதான். காளைக்கு எண்ணெய் தேச்சு, கொம்பு சீவி, மணி கட்டி அழகு பார்ப்பான் ஒருத்தன். அந்தக் காளை உழவுக்கும் போனா அவன் சம்சாரி. அழகு பார்க்க மட்டும்னா அது வேற ஆசை. தப்புன்னு சொல்லலை, பேரு வேற.

இப்ப பட்டணத்துக்கு வருவோம். என் மருமகன் நல்ல பையன், மறைக்காம ரெண்டு விஷயம் சொன்னான்.

ஒண்ணு, 2007ல அமெரிக்காவுல மேயர், மோரான்னு ரெண்டு பேர் ஒரு சோதனை வச்சாங்களாம். சாதாரண சிடியை விட உசத்தின்னு விக்கிற ஒரு வகைத் தட்டு. அதை அப்படியே ஒரு தடவை, சிடி அளவுக்குக் குறைச்சு ஒரு தடவை போட்டுக் காட்டி, எது எதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. மொத்தம் 554 தடவை. சரியாச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

ரெண்டாவது, 2022ல நடந்தது. மொபைல் ஃபிடிலிட்டின்னு ஒரு அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி. பழைய டேப்புல இருந்து நேரா ரெக்கார்டு வெட்டுறவங்க, நடுவுல கம்ப்யூட்டர் கணக்கே கிடையாதுன்னு வாங்குனவங்க எல்லாம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. பார்த்தா, பத்து வருசத்துக்கு மேலயே நெறைய ரெக்கார்டுல நடுவுல டிஜிட்டல்தான் இருந்திருக்கு. கம்பெனியே ஒத்துக்கிட்டுச்சு. டிஜிட்டல்னா காதுல குத்தும், எனக்கு உடனே தெரியும்னு சொல்லிக்கிட்டு இருந்த ஆளுக, அதே ரெக்கார்டைத்தான் இத்தனை வருசமாப் புகழ்ந்துக்கிட்டு இருந்திருக்காங்க.

சொல்லிட்டுச் சிரிச்சான். "நீயும் அதுல ஒண்ணு வாங்கியிருக்கியா மாப்ளே?"ன்னேன். "ரெண்டு"ன்னான்.

காதைப் பத்தியும் சொல்லணும். மனுசக் காதுக்கு 20ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கும். அது எளவட்டக் காதுக்கு. வயசு ஏற ஏற மேல் சத்தம் ஒவ்வொண்ணாக் கழண்டுக்கும். பெரிய பெட்டி வாங்க கையில காசு சேர்ற வயசுல காது பாதி போயிருக்கும். ஆயில் இன்ஜினும் டிராக்டரும் கேட்டே வளந்த என் காதுக்கு இன்னும் மோசம். மருமகன் "கேக்குதா மாமா?"ன்னு கேட்ட சத்தத்துல பாதி எனக்குக் கேக்கலை. அவன் மனசு நோகக்கூடாதுன்னு தலையாட்டி வச்சேன்.

இவங்களைப் பார்த்துச் சிரிக்க நம்ம ஊருக்கு யோக்கியதை இருக்கான்னு பார்த்தா, சத்தியமா இல்லை.

இப்ப எங்க பக்கம் விசேஷத்துக்கு வர்றது கொழா இல்லை. பீரோ பீரோவா அடுக்கின பெட்டி. ஒரு வேன் நிறைய வரும். அது போடுற அதிர்வுல ஓட்டு வீட்டுல ஓடு நகருது. நெஞ்சு வலிக்காரன் வீட்டைப் பூட்டிட்டு மகள் ஊருக்குப் போறான். பச்சைப் பிள்ளை தூக்கத்துல துள்ளுது. போன வருசம் ஒரு விசேஷத்துல ரெண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு செட்டு எறக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் வேற வேற பாட்டு. நடுத்தெருவுல நின்னா ரெண்டும் கேக்காது, இடிச்சத்தம் மட்டும்தான். என்ன பாட்டு ஓடுதுன்னு ஆடிக்கிட்டு இருந்த பையன் ஒருத்தனைக் கேட்டேன். "தெரியலை பெரியப்பா, ஆனா செம செட்டு"ன்னான்.

பாட்டு வேண்டாம், பெட்டி மட்டும் போதும்ங்கிறதுக்கு இதை விடச் சாட்சி வேணுமா? என் மருமகன் இவங்களுக்கு எவ்வளவோ தேவலை. அவன் கதவைச் சாத்திட்டுக் கேக்கிறான்.

இதுல வேடிக்கை என்னன்னா, 100 வாட்ஸ் பெட்டியை 200 வாட்ஸ் ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது. காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அதனாலதான் இந்தப் போட்டிக்கு முடிவே இல்லை. எதிராளியை விடக் கொஞ்சம் கூட்டணும்னாலே இன்னொரு வேன் பெட்டி எறக்கணும்.

சட்டம் இல்லாம இல்லை. 2000ல மத்திய அரசு போட்ட விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. குடியிருக்கிற இடத்துல பகல்ல 55 டெசிபெல், ராத்திரி 45தான் அளவு. 2005ல உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிருச்சு. தாளுல இருக்கு.

அண்ணன் காலத்துல சட்டம் யாருக்கும் தெரியாது. ஆனா ஊர்ல ஒரு துட்டின்னு சேதி வந்தா, அடுத்த நிமிசம் ஊசியைத் தூக்கிருவார். கல்யாண வீட்டுக்காரர் சொல்லணும்னு இல்லை. பரீட்சைக் காலம்னா பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்த கொழாவைத் திருப்பிக் கட்டச் சொல்வார். பெட்டி மேல மட்டும் ஆசை இருக்கிறவன் பெட்டியை நிறுத்தமாட்டான். அவர் நிறுத்தினார். இதை இப்பத்தான் யோசிக்கிறேன்.

கேசட்டு வந்து, அப்புறம் சிடி வந்து, 98, 99 வாக்குல அண்ணன் தொழிலை விட்டார். சாமான் எல்லாம் அவர் வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஆள் கார்ல வந்தார். பழைய ஆம்ப்ளிஃபயர், கொழா சேர்க்கிறவராம். இப்ப இதுக்குன்னே ஆளுக இருக்காங்க. துரு எடுத்து, பெயின்ட் அடிச்சு, பழைய மாதிரியே ஆக்கி வச்சுக்கிறாங்க. நல்ல வேலைதான். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார், உள்ள ஒரு பாகமும் மாத்தலைன்னு தெரிஞ்சதும் சந்தோசப்பட்டார். சொன்ன விலையைக் குடுத்தார். "ரெக்கார்டு வேண்டாமாய்யா?"ன்னு அண்ணன் கேட்டதுக்கு, "பாட்டெல்லாம் போன்லயே இருக்குங்களே"ன்னார்.

கொஞ்ச மாசம் கழிச்சு இன்னொருத்தர் வந்தார். இவருக்கு ரெக்கார்டு மட்டும் வேணும். அட்டை கிழியாம இருக்கா, நடுவுல ஒட்டின லேபிள் நல்லா இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பார்த்தார். கொஞ்சும் சலங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, கீறல் இருக்குன்னு விலையைக் குறைச்சார். அந்தக் கீறல் எத்தனை கல்யாணத்துல விழுந்ததுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுல சுத்துற பெட்டி இருக்கான்னு அண்ணன் கேட்டார். "இல்லைங்கய்யா, சுவர்ல மாட்டுறதுக்கு"ன்னார். அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் அண்ணன் குடுக்கலை. மத்ததை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டார்.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில உக்காந்திருந்தோம். அண்ணன் சொன்னார்: "ரெண்டு பேரும் நல்ல மனுசனுகதான்டா. காசும் குறையில்லாமக் குடுத்தானுக. ஆனா ஒருத்தன் கூட, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கன்னு கேக்கலையே."

அதுக்கு மேல அவர் ஒண்ணும் பேசலை. பெட்டிதான் பொண்டாட்டின்னு ஊர் சொன்ன ஆளு.

இதோட நிறுத்திருந்தா நான் பெட்டிக்கார ஆளுகளுக்கு எதிராத் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஆனா இன்னொண்ணு நடந்துச்சு.

எங்க வீட்டுல ஒரு கேசட்டு உண்டு. 1991ல மாமா ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்து டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தப்ப எங்க ஆத்தாவைப் பாடச் சொல்லிப் பதிஞ்சது. தாலாட்டு ஒண்ணு, களை எடுக்கும்போது பாடுறது ரெண்டு. ஆத்தா வெக்கப்பட்டுக்கிட்டே பாடும். ஆத்தா 2003ல போயிருச்சு. அப்பா அதுக்கு முந்தியே, 94ல. அந்தக் கேசட்டை நாங்க வருசத்துக்கு ஒரு தடவை போடுவோம். இரைச்சலுக்கு நடுவுல ஆத்தா குரல் எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். கடைசியில அதுவும் சிக்க ஆரம்பிச்சது.

மருமகன் ஊருக்கு வந்தப்ப, "குடுங்க மாமா, பார்க்கிறேன்"ன்னு வாங்கிட்டுப் போனான். அவன்கிட்ட நல்ல கேசட் டெக் ஒண்ணு இருக்கு. நாடாவுல பூஞ்சை பிடிச்சிருந்ததை மெல்ல மெல்லத் துடைச்சு, கூட்டை மாத்தி, தலைப்பகுதியோட கோணத்தை அந்த நாடாவுக்குத் தக்கன திருகிச் சரிபண்ணி, ஒரே தடவை ஓட்டிக் கம்ப்யூட்டர்ல ஏத்தினானாம். ரெண்டு ராத்திரி வேலை. அப்புறம் சென்னைக்கு வரச்சொல்லி, அந்த மூணு லட்ச ரூபா ஸ்பீக்கர்ல போட்டான்.

ஆத்தா எதிர்ல உக்காந்து பாடுச்சு. ஒவ்வொரு அடிக்கும் முந்தி மூச்சு இழுக்கிறது கேட்டுச்சு. பின்னாடி ஆட்டுக்குட்டி ஒண்ணு கத்துச்சு. ரெண்டாவது பாட்டு நடுவுல, எடது பக்கம் தள்ளி, யாரோ இருமினாங்க. ரெண்டு இருமல், அப்புறம் தொண்டையைச் செருமுற சத்தம்.

எங்க அப்பா.

முப்பது வருசமா அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கேன். அவர் அதுக்குள்ள இருந்தது எங்க யாருக்கும் தெரியாது. எங்க வீட்டு டேப்புல அது இரைச்சலோட இரைச்சலாக் கெடந்திருக்கு. அப்பா குரல்னு எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லை. போட்டோ ஒண்ணே ஒண்ணு உண்டு, அதுவும் ரேசன் கார்டுக்கு எடுத்தது.

மருமகன் இந்தத் தடவை பாட்டை நடுவுல நிறுத்தலை. ஸ்பீக்கரை நகட்டலை. மூணு பாட்டும் முடியிற வரைக்கும் தரையில உக்காந்து கேட்டான். அது அவனுக்கும் அம்மாச்சி குரல் ஆச்சே.

அதனால இப்ப எனக்குத் தோணுறது இதுதான். பாட்டா பெட்டியான்னு கேக்கிறது சரியான கேள்வியாப் படலை. பெட்டி மேல ஆசைப்படாதவன் அந்த நாடாவை அப்படித் துடைச்சிருக்கமாட்டான். ரெண்டு ராத்திரி முழிச்சுக் கோணம் பார்க்கிறதுக்கு அந்தக் கிறுக்கு வேணும். அண்ணனுக்கும் அதே கிறுக்குதான். ஆனா கேக்கிற நேரம்னு ஒண்ணு வரும்போது பெட்டியை மறந்து உக்காரத் தெரியுதா, துட்டின்னா நிறுத்தத் தெரியுதான்னு பார்க்கணும். பீரோ பெட்டி எறக்குறவனுக்கு ரெண்டும் தெரியலை. சுவர்ல மாட்டுறவருக்கு அந்த நேரமே வரப்போறதில்லை.

கடைசியா, இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள்ல நல்ல பெட்டி வச்சிருக்கிறவங்க நெறைய பேர் இருப்பீங்க. உங்க ஊர் வீட்டுப் பரண்ல, அலமாரிக்கு அடியில, தாத்தா பேசின கேசட்டோ அப்பத்தா பாடின கேசட்டோ கெடக்கும். கல்யாணத்துல பதிஞ்சது, சபுராளி மகனுக்குப் பேசி அனுப்பின கடிதக் கேசட்டுன்னு எங்க பக்கம் வீட்டுக்கு ஒண்ணு உண்டு. அதை எடுத்த உடனே ஏதாவது ஒரு டேப்புல போட்டு ஓட்டிப் பார்க்காதீங்க. பூஞ்சை பிடிச்ச நாடா பழைய டேப்புல சிக்கினா அன்னைக்கே அறுந்து போகும். வெயில்லயும் காய வைக்காதீங்க. மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. இருந்தா, தெரிஞ்சவங்க கையில குடுங்க. ஓட்டுறது ஒரே தடவைதான்னு நெனச்சு, அந்தத் தடவையே நல்ல டெக்ல ஏத்திருங்க. ஏத்தினதை ரெண்டு மூணு இடத்துல வச்சுக்கங்க.

அண்ணன்கிட்ட அந்த ஒரு ரெக்கார்டு இருக்கு, போட்டுக் கேக்கப் பெட்டி இல்லை. பொங்கலுக்கு வரும்போது சின்னதா ஒரு சுத்துற பெட்டி கொண்டு வர்றேன்னு மருமகன் சொல்லியிருக்கான். ஸ்பீக்கர் என்ன செய்வேன்னு கேட்டான். பரண்ல இன்னும் ஒரு கொழா கெடக்கு, வாங்க வந்த ஆளு வாய் நசுங்கியிருக்குன்னு விட்டுட்டுப் போனது. அதைத் தட்டி நிமிர்த்தணும். மழை விட்டதும் அந்த வேலையைப் பார்க்கணும்.

அடுத்த வாரம் மல்லி விதைப்பைப் பத்தி எழுதுறேன்.